148 செ.மீ.: ஸ்க்ரப் டைஃபஸால் நுரையீரல் பழுதான ஒரு பெண்ணின் ஐ.சி.யூ. சிகிச்சை

பின்னணி

நோயாளி 44 வயதுப் பெண். வட தமிழகத்தில் மலையடிவாரக் கிராமம் ஒன்றில் கூலி வேலை செய்பவர். மழைக்காலத்தில் ஆடுகளுக்குத் தழை ஒடிக்கவும் சுள்ளி பொறுக்கவும் புதர்க்காட்டுக்குப் போய் வருவது வழக்கம். சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் முன்பு இல்லை.

நவம்பர் மாதம் காய்ச்சல், கடுமையான தலைவலி, உடம்புவலியுடன் நோய் தொடங்கியது. மூன்றாம் நாள் அருகிலிருந்த கிளினிக்கில் ஊசியும், பாராசிட்டமாலும், செஃபிக்ஸிம் மாத்திரையும் கொடுத்தார்கள். காய்ச்சல் விடவில்லை. ஐந்தாம் நாள் இருமல், ஏழாம் நாள் மூச்சு வாங்கல். அன்று தாலுகா மருத்துவமனையில் சேர்த்தபோது தட்டணுக்கள் 52,000. டெங்கு பரிசோதனை நெகட்டிவ். எக்ஸ்ரேயில் இரு நுரையீரலிலும் வெண்படலம். நிமோனியா என்று கருதி செஃப்ட்ரியாக்ஸோன் தொடங்கினார்கள். ரத்த அழுத்தம் இறங்கியதால் ஒன்றரை நாளில் சுமார் 3 லிட்டர் டிரிப்ஸ் ஏறியது. எட்டாம் நாள் மாலை 108 ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்.

இவருக்கு வந்திருந்தது ஸ்க்ரப் டைஃபஸ், புதர்ச் சிற்றுண்ணி கடித்துப் பரவும் காய்ச்சல். செஃபிக்ஸிமும் செஃப்ட்ரியாக்ஸோனும் அதற்குப் பயன்படாதவை. அந்தக் கிருமி நம் உயிரணுக்களுக்கு உள்ளேயே குடியிருந்து பெருகுவது. பாக்டீரியாவின் புறச்சுவரைத் தாக்கும் இந்த வகை மருந்துகள் அதை ஒன்றும் செய்வதில்லை. ஆக, காய்ச்சல் தொடங்கி எட்டு நாள் வரை நோய்க்கான மருந்து ஒரு வேளைகூட உடம்புக்குள் போகவில்லை.

கேஷுவால்ட்டியில்

மாலை 6.40. நாடித்துடிப்பு 132, ரத்த அழுத்தம் 84/50, மூச்சு நிமிடத்துக்கு 38, வெப்பம் 39.2 டிகிரி. பை வைத்த மாஸ்க்கில் 15 லிட்டர் ஆக்ஸிஜன் ஓடியும் சாச்சுரேஷன் 82%. கூப்பிட்டால் கண் திறந்தார், பேச்சு தெளிவாக இல்லை. 7.05-க்குக் குழாய் செருகி வென்டிலேட்டரில் இணைத்தார்கள். அந்த நிலையில் அதைத் தள்ளிப்போட வழியே இல்லை. செய்த முறையிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு மெஷினில் வைத்த எண்கள்: ஒரு மூச்சுக்கு 450 மி.லி., நிமிடத்துக்கு 16 மூச்சு, பீப் (மூச்சை விட்ட பின்னும் நுரையீரலில் தக்கவைக்கும் அழுத்தம்) 5, ஆக்ஸிஜன் 100%. குழாய் உதட்டருகே 22 செ.மீ.-இல் ஒட்டப்பட்டது. 450, 22 இரண்டும் எல்லோருக்கும் கை பழக்கத்தில் வைக்கும் எண்கள். உயரம் என்ற கட்டம் கேஸ் ஷீட்டில் காலியாக இருந்தது. எடை 66 கிலோ என்று வீட்டார் சொன்னதை எழுதியிருந்தார்கள். 450-ஐ 66-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 7 மி.லி. கூட வராது. காகிதத்தில் பார்த்தால் பாதுகாப்பான அளவு மாதிரிதான் தெரியும்.

ஒரு மணி நேரம் கழித்து எடுத்த ஏ.பி.ஜி. (தமனி ரத்த வாயுப் பரிசோதனை): பி.எச். 7.29, கார்பன் டை ஆக்ஸைடு 41, ஆக்ஸிஜன் 66, லாக்டேட் (உறுப்புகளுக்கு ரத்தம் போதாதபோது ஏறுவது) 4.6. நூறு சதவீத ஆக்ஸிஜனில் 66 என்றால் பி/எஃப் விகிதம் (ரத்த ஆக்ஸிஜனை, கொடுக்கும் ஆக்ஸிஜனின் பங்கால் வகுத்தது) 66. ஏ.ஆர்.டி.எஸ். எனப்படும் நுரையீரல் பழுதின் கடுமையான படிநிலை 100-க்குக் கீழே தொடங்குகிறது.

ஐ.சி.யூ.வில் முதல் மணி நேரம்

படுக்கை கிடைத்து இரவு 9.30-க்கு ஐ.சி.யூ.வுக்கு வந்தார். இரவுப் பணி மருத்துவர் முதலில் மூச்சு உள்ளே போய் முடிந்ததும் மெஷினை அரை வினாடி நிறுத்திப் பிளேட்டோ அழுத்தம் (காற்று நின்ற நிலையில் நுரையீரலுக்குள் இருக்கும் அழுத்தம்) பார்த்தார். 36. வரம்பு 30. அடுத்து டேப் எடுத்து, மெத்தையைச் சமமாக்கி, கால் விரல்களை மேல்நோக்கி நிறுத்தி, குதிகாலிலிருந்து உச்சந்தலை வரை அளந்தார். 148 செ.மீ.

நுரையீரலின் அளவு உயரத்தைப் பொறுத்தது. உடம்பில் சதை போட்டால் நுரையீரல் பெருக்காது. அதனால்தான் வென்டிலேட்டர் கணக்கு எடை மெஷினில் காட்டும் எடையை விட்டுவிட்டு, உயரத்திலிருந்து ஒரு எடையைக் கணக்கிட்டு எடுத்துக்கொள்கிறது. பெண்களுக்கு: 45.5 உடன், உயரத்திலிருந்து 152.4-ஐக் கழித்து 0.91-ஆல் பெருக்கி வருவதைக் கூட்ட வேண்டும். ஆண்களுக்கு 45.5-க்குப் பதில் 50. இவருக்கு வந்தது 41.5 கிலோ. கிலோவுக்கு 6 மி.லி. என்றால் 249 மி.லி. உள்ளே போய்க்கொண்டிருந்ததோ 450. அதாவது கிலோவுக்கு 10.8.

இது சின்னத் தவறல்ல. 2000-இல் அமெரிக்காவின் ஏ.ஆர்.டி.எஸ். நெட்வொர்க் 861 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், கிலோவுக்கு 12 மி.லி. பெற்றவர்களில் 39.8% பேரும், 6 மி.லி. பெற்றவர்களில் 31.0% பேரும் இறந்தார்கள். நீர் கோத்த நுரையீரலில் காற்று புகக்கூடிய பகுதி ஒரு சிறு குழந்தையின் நுரையீரல் அளவுக்குச் சுருங்கியிருக்கும். முழுக் காற்றும் அந்தச் சிறு பகுதிக்குள் திணிக்கப்பட்டு, நல்ல திசுவும் கிழியும். குட்டையான பெண்களுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது. 50 நாடுகளின் ஐ.சி.யூ.க்களைப் பார்த்த லங் சேஃப் ஆய்விலும் அளவான காற்று ஆண்களை விடப் பெண்களுக்குக் குறைவாகவே கிடைத்திருந்தது. இந்தப் பெண்ணுக்கு அது இரண்டே முக்கால் மணி நேரம் நடந்தது.

9.50-க்கு மூச்சளவு 250 ஆக்கப்பட்டது, மூச்சு நிமிடத்துக்கு 28. பீப் படிப்படியாக 12 வரை போனது. ஆக்ஸிஜன் அளவோடு ஒப்பிடும் அட்டவணைப்படி 14 வைக்கலாம், ரத்த அழுத்தம் இடம் தரவில்லை. பிளேட்டோ 36-லிருந்து 27-க்கு இறங்கியது. பிளேட்டோவுக்கும் பீப்புக்கும் உள்ள இடைவெளி 31-லிருந்து 15 ஆனது.

எதிர்பார்த்தபடி கார்பன் டை ஆக்ஸைடு ஏறியது. அரை மணி நேரத்தில் 56, பி.எச். 7.18. இந்த இடத்தில் பலர் பயந்துபோய் மூச்சளவை மறுபடி 350-க்கு ஏற்றிவிடுவார்கள். இங்கே அப்படிச் செய்யவில்லை. குழாய்க்கும் சர்க்யூட்டுக்கும் நடுவில் எச்.எம்.ஈ. ஃபில்டரும் (மூச்சின் சூட்டையும் ஈரத்தையும் பிடித்துவைப்பது) வளையும் இணைப்புக் குழலும் மாட்டியிருந்தன. இரண்டும் சேர்ந்து சுமார் 80 மி.லி. இடம் பிடிப்பவை. 450 மி.லி. மூச்சில் அது தெரியாது, 250 மி.லி. மூச்சில் மூன்றில் ஒரு பங்கு வீணாகப் போய்வரும். ஃபில்டரையும் குழலையும் கழற்றிவிட்டுச் சூடேற்றும் ஹியூமிடிஃபையர் மாட்டினார்கள். மூச்சு 30 ஆக்கப்பட்டது. அடுத்த ஏ.பி.ஜி.யில் கார்பன் டை ஆக்ஸைடு 47, பி.எச். 7.25. அதோடு போதும் என்று விட்டார்கள்.

மார்பின் கீழ் இருந்த பொருக்கு

10.30-க்கு இ.சி.ஜி. ஒயர்களை மாற்றி ஒட்ட, ஸ்டாஃப் நர்ஸ் இடது மார்பைத் தூக்கினார். மடிப்புக்குள் ஒரு செ.மீ. அகலத்தில் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். "சார், சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரு காயம் இருக்கு, கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிட்டார்.

வெளியே உட்கார்ந்திருந்த மகளிடம் கேட்டதற்கு, "பூச்சி கடிச்சிருக்கும்னு அம்மா சொன்னாங்க சார். வலி இல்லேன்னு விட்டுட்டோம்" என்றார்.

அது எஸ்கார். புதர்ச் சிற்றுண்ணியின் இளம்புழு கடித்த இடம். மணல் துகள் அளவே இருக்கும் இந்தப் புழு, துணி இறுக்கும் இடத்தையும் ஈரமான மடிப்பையும் தேடிப் போய்க் கடிக்கும். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்பின் கீழ், முழங்காலின் பின்புறம், காதின் பின்புறம். வலியோ அரிப்போ இல்லாததால் நோயாளி தானாகச் சொல்வதில்லை. எல்லோருக்கும் இருக்கும் என்றும் இல்லை, ஆகவே பொருக்கு இல்லாததை வைத்து நோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. இருந்தால் மருந்து தொடங்க அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. முதல் இரண்டு இடங்களிலும் பெண் நோயாளி என்ற கூச்சத்தால் ஜாக்கெட்டைக் கழற்றிப் பார்க்கவில்லை. பெண் செவிலியரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, திரை மறைவில் இரண்டு நிமிடத்தில் முடியக்கூடிய வேலை.

ஐ.ஜி.எம். எலிசா என்ற எதிர்ப்பொருள் பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பினார்கள். அது மறுநாள் மாலை பாசிட்டிவ் என்று வந்தது. மருந்து அதற்காகக் காத்திருக்கவில்லை.

ஏன் இரண்டு மருந்து

இரவு 11.10-க்கு டாக்ஸிசைக்ளின் 200 மி.கி. நரம்பு வழியாகத் தொடங்கியது, பிறகு 12 மணி நேரத்துக்கு ஒரு தரம் 100 மி.கி. கூடவே அஸித்ரோமைசின் 500 மி.கி. நாளுக்கு ஒரு தரம். இரண்டும் 7 நாள். டாக்ஸிசைக்ளினை 250 மி.லி. சலைனில் கலந்து ஒரு மணி நேரம் ஓட்டினார்கள். கையிலுள்ள சின்ன நரம்பில் வேகமாகப் போனால் நரம்பு புண்ணாகித் தடித்துவிடும், அதனால் பெரிய நரம்புக்குள் போகும் சென்ட்ரல் லைன் வழியாகப் போனது. அஸித்ரோமைசின் இதயத் துடிப்பின் மின்னலையை நீட்டக்கூடியது என்பதால் தினமும் இ.சி.ஜி. எடுக்கப்பட்டது. பொட்டாசியம் 4-க்குக் குறையாமல் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் முடிவுக்கு ஆதாரம் இந்தியாவிலேயே நடந்த இன்ட்ரஸ்ட் ஆய்வு. வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்தி 2023-இல் வெளியான அதில், கடுமையான ஸ்க்ரப் டைஃபஸ் உள்ள 794 பேர் சேர்க்கப்பட்டார்கள். 28 நாளில் மரணம், ஏழாம் நாளிலும் விடாத உறுப்புப் பழுது, ஐந்தாம் நாளிலும் விடாத காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள்: இரு மருந்தும் பெற்றவர்களில் 33%, டாக்ஸிசைக்ளின் மட்டும் பெற்றவர்களில் 47%, அஸித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களில் 48%. மரணத்தை மட்டும் தனியே எடுத்தால் மூன்று குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை. உறுப்புகள் சீக்கிரம் தேறுவது வென்டிலேட்டரில் கிடப்பவருக்குப் பெரிய விஷயம். ஆனால் இரண்டு மருந்து உயிரைக் காக்கும் என்று அந்த ஆய்வை வைத்துச் சொன்னால் அது மிகை.

டிரிப்ஸை நிறுத்திய முடிவு

லாக்டேட் 4.6, ரத்த அழுத்தம் குறைவு. இன்னும் ஒரு லிட்டர் ஏற்றத்தான் கை போகும். எக்கோவில் இதயத்தின் இடது அறை சற்றுத் தளர்ந்திருந்தது (சுருங்கும் திறன் 45%), பெருஞ்சிரை நிறைந்திருந்தது. கிருமி ரத்தக்குழாய்களின் உள்சுவரையே தாக்குவதால், ஏற்றும் நீர் குழாயில் தங்காமல் நுரையீரலில் கசியும். 250 மி.லி. கொடுத்துப் பார்த்ததில் எந்த மாற்றமும் இல்லை. அத்துடன் நிறுத்திவிட்டு, ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.25 மைக்ரோகிராம் வரை ஏற்றினார்கள். லாக்டேட்டோடு, விரல் நுனியை 10 வினாடி அழுத்திவிட்டு நிறம் திரும்ப எத்தனை வினாடி ஆகிறது என்பதையும் அரை மணிக்கு ஒரு முறை குறித்தார்கள். முதலில் 5 வினாடி, விடியும்போது 3.

சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியாட்டினின் 2.1-லிருந்து, ஐ.சி.யூ.வின் மூன்றாம் நாள் 3.0 வரை போனது. சிறுநீர் மணிக்கு 25 மி.லி.க்குக் குறையாமல் வந்ததால் டயாலிசிஸ் செய்யாமல் காத்திருந்தார்கள்.

குப்புறப் படுக்க வைத்தல்

மறுநாள் காலை 9.30. பன்னிரண்டு மணி நேரம் சரியான அளவில் ஓட்டிய பிறகும் 80% ஆக்ஸிஜனில் ரத்த ஆக்ஸிஜன் 78, பி/எஃப் 98. பிரான்சிலும் ஸ்பெயினிலும் 466 பேரிடம் நடந்து 2013-இல் வெளியான புரோசேவா ஆய்வில், பி/எஃப் 150-க்குக் கீழே இருந்தவர்களைத் தொடர்ந்து 16 மணி நேரமாவது குப்புறப் படுக்க வைத்ததில் 28 நாள் இறப்பு 32.8%-லிருந்து 16.0% ஆனது. அந்த மையங்களுக்கு இந்த வேலையில் பல ஆண்டுப் பழக்கம் இருந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

குடும்பத்தாரிடம் விளக்கினார்கள். அதற்கு முன், நோயாளி மெஷினோடு மல்லுக்கட்டியதும் கவனிக்கப்பட்டது. ஒரு மூச்சு முடியும் முன்பே அடுத்ததை இழுத்து, 250-ம் 250-ம் சேர்ந்து 500 ஆகிக்கொண்டிருந்தது. மயக்க மருந்தைக் கூட்டியும் நிற்காததால் அட்ராக்யூரியம் என்ற தசைத்தளர்ச்சி மருந்து தொடங்கப்பட்டது. தசைத்தளர்ச்சி மருந்தை எல்லோருக்கும் போடுவதில் பலன் உண்டென்று 2010-இன் அக்யூராசிஸ் ஆய்வு (340 பேர்) சொன்னது. 2019-இன் ரோஸ் ஆய்வு (1,006 பேர்) இல்லை என்றது. ஆகவே வழக்கமாகப் போடவில்லை, இந்த இரட்டை மூச்சை நிறுத்தவே போட்டார்கள். 48 மணி நேரத்தில் நிறுத்தினார்கள்.

திருப்ப ஐந்து பேர். தலைமாட்டில் நிற்பவர் குழாயைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கை சொல்வார், மற்றவர்கள் அவர் சொன்னால் மட்டுமே அசைப்பார்கள். உணவை ஒரு மணி நேரம் முன்பே நிறுத்தி, மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூபில் இருந்ததை உறிஞ்சி எடுத்தார்கள். கண்ணில் களிம்பு தடவி இமையை ஒட்டினார்கள். சக்ஷன் செய்து, 100% ஆக்ஸிஜன் வைத்து, இ.சி.ஜி. ஒட்டுகளை முதுகுக்கு மாற்றி, வென்டிலேட்டர் இருக்கும் பக்கமாகத் திருப்பினார்கள். மேல் நெஞ்சுக்கும் இடுப்புக்கும் தலையணை, வயிறு தொங்கலாக. ஒரு கை மேலே, ஒரு கை கீழே, நீச்சலடிப்பது போல. பகல் 11 மணிக்கு வேலை முடிந்தது.

குழாய் இறங்கியது

11.20-க்கு சாச்சுரேஷன் 93-லிருந்து 84-க்கு விழுந்தது. உச்ச அழுத்தம் 34-லிருந்து 46. உடனே மல்லாக்கத் திருப்பிவிடலாம் என்று குரல் எழுந்தது. பொறுப்பு மருத்துவர் பிளேட்டோவை அளக்கச் சொன்னார். குழாயில் சளி அடைத்தாலோ குழாய் மடங்கினாலோ உச்ச அழுத்தம் மட்டும் ஏறும், பிளேட்டோ அப்படியே இருக்கும். இங்கே பிளேட்டோவும் 27-லிருந்து 38 ஆகியிருந்தது. நுரையீரலே பாதியானதன் அடையாளம் இது: காற்று வெடித்து வெளியேறியிருக்க வேண்டும், அல்லது குழாய் ஒரு பக்கம் போயிருக்க வேண்டும். முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்ததில் இடப்பக்கம் சத்தமே இல்லை. அல்ட்ராசவுண்டில் இடது நுரையீரல் உறை நாடித்துடிப்போடு துடித்தது, மூச்சோடு நழுவவில்லை. காற்று வெளியேறியிருந்தால் அந்தத் துடிப்பு தெரியாது.

குழாய் வலது மூச்சுக்கிளைக்குள் போயிருந்தது. 148 செ.மீ. பெண்ணுக்கு 22 செ.மீ. அதிகம். முந்தைய இரவின் எக்ஸ்ரேயில் குழாய் முனை மூச்சுக்குழல் பிரியும் இடத்துக்கு 1.5 செ.மீ. மேலேதான் இருந்தது, அறிக்கையிலும் எழுதியிருந்தது. யாரும் அதை இழுத்து ஒட்டவில்லை. குப்புறப் படுத்துத் தாடை நெஞ்சை நோக்கிக் குனிந்ததும் குழாய் முனையும் கூடவே இறங்கிவிட்டது. குழாயைச் சுற்றியுள்ள பலூனான கஃபின் காற்றை இறக்கி, 2 செ.மீ. இழுத்து, 20-இல் ஒட்டினார்கள். நான்கு நிமிடத்தில் சாச்சுரேஷன் 94. கேஷுவால்ட்டியில் டேப் எடுக்காததன் இரண்டாவது விலை இது.

அடுத்த நாட்கள்

முதல் முறை 17 மணி நேரம். முடிவில் பி/எஃப் 164, மல்லாக்கத் திருப்பியபின் 132. திருப்ப வேண்டியிருந்தது விடியற்காலை 4 மணிக்கு, ஆள் குறைவான நேரத்தில். அடுத்த இரண்டு முறையும் பிற்பகல் 3-க்குத் தொடங்கிக் காலை 8-க்கு முடிக்குமாறு மாற்றினார்கள். மூன்றாம் முறைக்குப் பின், மல்லாந்து நான்கு மணி நேரம் ஆகியும் 50% ஆக்ஸிஜன், பீப் 10-இல் பி/எஃப் 150-க்கு மேல் நின்றதால் அதோடு நிறுத்தப்பட்டது.

முதல் இரவில் தலையை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பக்கம் மாற்ற வேண்டும் என்று குறிப்பு இருந்தது. பதிவேட்டில் 12 மணிக்கும் 4 மணிக்கும் நடுவே எதுவும் எழுதப்படவில்லை. திருப்பிப் பார்த்தபோது மோவாயில் 2 செ.மீ. அழுத்தப் புண்.

ஐ.சி.யூ.வின் நான்காம் நாள் காய்ச்சல் விட்டது, நார்அட்ரினலின் நின்றது. அதன்பிறகே ஃப்ரூஸெமைடு 20 மி.கி. கொடுத்துத் தேங்கிய நீரை இறக்கினார்கள். 1,000 பேரிடம் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில் நீரைக் கட்டுப்படுத்தியதால் வென்டிலேட்டர் நாட்கள் குறைந்தன, இறப்பில் தெளிவான வேறுபாடு இல்லை. அங்கும் ரத்த அழுத்தம் நிலைப்பட்ட பிறகே நீர் இறக்கப்பட்டது. மூன்று நாளில் இவருக்கு 3.4 லிட்டர் இறங்கியது. எட்டாம் நாள் குழாய் எடுக்கப்பட்டது. அடுத்த இரண்டு இரவும் இடம் தெரியாமல் குழம்பிப் பேசினார். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, இரவில் விளக்கைக் குறைத்ததில் மருந்தில்லாமலே தெளிந்தது.

விளைவு

பதினாறாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார். கிரியாட்டினின் 1.0. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது சமதரையில் மூச்சு வாங்கவில்லை. மேடு ஏறினால் கால் தளர்ந்தது, தலைமுடி கொட்டியிருந்தது, குரல் கொஞ்சம் கரகரத்தது. மோவாயில் தழும்பு இருக்கிறது. கூலி வேலைக்கு இன்னும் திரும்பவில்லை. மூச்சளவைக் குறைத்ததா, குப்புறப் படுக்க வைத்ததா, மருந்தா, எது அவரைக் காப்பாற்றியது என்று ஒரே ஒரு நோயாளியை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

மாற்றியவை

கேஷுவால்ட்டியில் ஒவ்வொரு வென்டிலேட்டரிலும் ஒரு டேப் கட்டித் தொங்கவிடப்பட்டுள்ளது. மெஷினின் முகப்பில் உயரத்துக்கான மூச்சளவு அட்டை: பெண்களுக்கு 145 செ.மீ. என்றால் 233 மி.லி., 150-க்கு 260, 155-க்கு 287, 160-க்கு 314. ஆண்களுக்கு 160-க்கு 341, 165-க்கு 369, 170-க்கு 396. உயரம் எழுதாத ஷீட்டோடு வரும் நோயாளியை ஐ.சி.யூ. ஏற்கும், ஆனால் முதல் வேலையாக அளக்கும். குழாய் முனை எக்ஸ்ரேயில் பிரியும் இடத்துக்கு 3 செ.மீ.க்குள் இருந்தால், குப்புறப் படுக்க வைக்கும் முன் இழுத்து ஒட்ட வேண்டும் என்பது சரிபார்ப்புப் பட்டியலின் முதல் வரி.

மழைக்கால மாதங்களில் ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சலும் தட்டணுக் குறைவும் மூச்சுத் திணறலும் உள்ளவர்களுக்குப் பரிசோதனை முடிவு வரும் முன்பே டாக்ஸிசைக்ளின் தொடங்கும்படி தாலுகா மருத்துவமனைக்கு எழுதப்பட்டது. நரம்பு மருந்து அங்கே இல்லை என்பது தடையாகாது. 100 மி.கி. மாத்திரை எல்லா இடத்திலும் உண்டு. விழுங்க முடியாதவருக்குப் பொடித்து ரைல்ஸ் டியூபில் கொடுக்கலாம். பாலும் ஜெலுசிலும் அதோடு சேரக்கூடாது, மருந்தை உறிஞ்சவிடாது. அனுப்பும் சீட்டில் "எஸ்கார் தேடப்பட்டதா, எங்கெங்கே" என்ற வரி சேர்க்கப்பட்டது.

தலை திருப்பும் நேரத்துக்கு இரவில் பெயர் குறித்து ஒருவரை நியமிக்கிறார்கள். மோவாய்க்கும் கன்னத்துக்கும் நுரைப்பட்டை ஒட்டுகிறார்கள். சூடேற்றும் ஹியூமிடிஃபையர் பத்து படுக்கைக்கு நான்குதான் இருக்கிறது. 45 கிலோவுக்குக் குறைவாகக் கணக்கு வரும் நோயாளிக்கே அது முதலில் போக வேண்டும் என்று இப்போதைக்கு வரிசை வைத்திருக்கிறார்கள். மீதி ஆறுக்கான கோரிக்கை போயிருக்கிறது.